கதிர் சீவும் தம்பிக்கு



நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நாணேற்றிய வில்லின் இடப்புறம் அழகாக வளைந்திருக்கிறது. வலப்புறத்தில், முனைக்கு ஒன்றரை அடி முன்னால், முழங்கை மடங்கியதுபோல் ஓரிடம். "அந்த இடத்தை எப்படிச் சரிசெய்ய?" என்று கேட்டிருக்கிறாய். அந்த இடத்தைத் தொடாதே. முதலில் நாணை இறக்கு. மிச்சத்தை அப்புறம் படி.

என் அப்பா மணப்பாட்டில் ஓடாவி, வள்ளம் கட்டும் தச்சர். வள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏறிவருகிறதா என்று மணலில் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஃபைபர் படகு வந்தபின் வள்ள வேலை குறைந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் வருவது குறையவில்லை. குலசேகரப்பட்டினம், உடன்குடிப் பக்கத்திலிருந்து கோயில் கொடைக்கு முன்னால், வில்லாக வளைக்கும் பனங்கதிரைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். மணல்மேட்டின் மேலிருக்கும் சிலுவைக் கோயிலைப் பார்த்தபடி நாங்கள் சுடலைமாடன் கதைக்கு வில் சீவினோம். தெற்கே புனிதர்களின் கதையையும் வில்லில் பாடுகிறவர்கள் உண்டு. எங்களில் யாரும் இந்த இரண்டையும் வேறாக நினைத்ததில்லை.

இனி மரம். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு கதிருக்காக ஒரு பனையைச் சாய்ப்பது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. பழைய ஓட்டு வீட்டை இடிக்கும் இடத்துக்குப் போ. பனங்கை கிடைக்கும். பல வருஷம் கூரைக்கடியில் காய்ந்த மரத்தைவிடப் பக்குவமான மரம் உனக்கு எங்கே கிடைக்கும்? ஆணி இறங்கிய இடத்தையும் வண்டு துளைத்த இடத்தையும் தள்ளிவிடு. பனையில் வைரம் வெளிப்பக்கம், சோறு உள்ளே, தேக்குக்கு நேர்மாறு. வெளிமுகம் நாணுக்கு எதிர்ப்புறம் வரட்டும். வளையும்போது இழுபடுவது அந்த முகம்தான். அதில் ஓடும் கறுப்பு நாரை எங்கேயும் குறுக்கே அறுத்துவிடாதே. அறுபட்ட நாரிலிருந்துதான் சிலாம்பு கிளம்பும். சீவுவதெல்லாம் நாணைப் பார்க்கும் உள்முகத்தில்தான். சோறு துளியும் மிஞ்சக் கூடாது.

நீ எங்கே பிசகினாய் என்று சொல்கிறேன். இரண்டு பக்கத்தையும் அளந்து ஒரே கனத்துக்குக் கொண்டுவந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் இப்படி ஆனது. பனையின் அடிப்பக்கம் இறுகியது, தலைப்பக்கம் இளசு. ஒரே கனத்தில் விட்டால் தலைப்பக்கம் முதலில் பணியும். கனத்தை அளக்காதே, வளைவை அள. பத்தடி வில் என்றால் நடுவிலிருந்து இருபுறமும் ஐந்தைந்து அடி. சாணுக்கு ஒன்றாகக் கரிக்கோடு போடு. தளர்நாண் கட்டி, நடுவைத் தாங்கவைத்து, நாணை நாலு விரல் மட்டும் இழுத்துக் கட்டு. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் நாணுக்கு எவ்வளவு தூரம் என்று இருபுறமும் பார். பிறகு வில்லை முனைமாற்றித் திருப்பி வைத்து மறுபடி பார். நம் கண்ணுக்கே ஒரு சாய்வு உண்டு. திருப்பினால்தான் அது பிடிபடும். அப்பா இதை இரவில் செய்வார். வெள்ளையடித்த சுவரில் அரிக்கேன் வெளிச்சத்தில் கதிரின் நிழல் விழும். மரத்தின் நிறமும் வரியும் நிழலில் இல்லை, வளைவு மட்டும்தான் இருக்கும்.

எங்கே விறைத்து நிற்கிறதோ அங்கே சீவு. எங்கே அதிகம் மடிகிறதோ அது ஏற்கெனவே தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. அதன் இருபக்கமும் விறைத்து நிற்கும் மரத்தை இளக்கினால் அதன் பாரம் குறையும். இதை உன் வயதில் நான் காதில் வாங்கவில்லை. ஒரு ஆடிக் கொடைக்கு முதல்நாள், மடிந்த இடம் மேடாகத் தெரிகிறதே என்று அதையே இழைத்தேன். நாணேற்றியபோது வில் ஒடியவில்லை. முதல் ராத்திரி குடத்தின்மேல் வைத்துப் பாடிக்கொண்டிருக்கையில், சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒடிந்தது. வில்லில் கட்டிய மணிகள் தரையில் சிதறின. பாடிய புலவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடுக்கையை மட்டும் வைத்துக்கொண்டு விடியும்வரை பாடி முடித்தார். அந்த உடுக்கைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இழைப்புளியைப் பாதியிலேயே வைத்துவிடு. அதற்குமேல் உடைந்த கண்ணாடித் துண்டுதான். பத்து இழுப்புச் சுரண்டிவிட்டு, வில்லை முப்பது தடவை மெல்ல அமுக்கி விடு. அப்புறம் பார். சுரண்டிய மாற்றம் உடனே தெரியாது. மரம் வளைந்து பழகிய பிறகுதான் காட்டும். பொறுக்காமல் மறுபடி சுரண்டுகிறவன்தான் எல்லை தாண்டிப் போகிறான். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க வழியில்லை.

அம்பு எய்யும் வில்லுக்கு ஒரு நொடி வேலை. நம் வில் ராத்திரி முழுக்க நாணேறியே கிடக்கும், அதன்மேல் வீசுகோல் அடி விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் இளைத்திருந்தால் குடத்தின்மேல் வில் சாயும். ஒரு பக்க மணி துள்ளும், மறுபக்க மணி முனகும். வலத்தே பாடுகிறவருக்கும் இடத்தே பாடுகிறவருக்கும் ஒரே தாளம் கேட்க வேண்டாமா? சுப்பு ஆறுமுகம் ஐயா வானொலியில் பாடியபோதும், குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மா கோயில் கோயிலாகப் போய் வீசுகோல் வீசியபோதும், கீழே ஏதோ ஒரு தச்சன் இரண்டு பக்கத்தையும் ஒத்துப் பார்த்த வில் இருந்தது. இருவரும் மறைந்துவிட்டார்கள். இரும்பில் செய்த வில்லும் வந்துவிட்டது. அதை நான் குறைசொல்ல மாட்டேன், தூக்கிப்போக வசதி. ஆனால் அடி விழுந்ததும் பனங்கதிர் வாங்கித் திருப்பித் தரும் அந்த அதிர்வு இரும்பில் எனக்குக் கேட்டதில்லை.

உன் வில்லைக் காப்பாற்றலாம் என்றுதான் படம் சொல்கிறது. மடிந்த இடத்தில் குறுக்கே சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். நகம் மாட்டினால் அந்தக் கதிர் அவ்வளவுதான், விறகுக்குப் போடாமல் என்னிடம் கொண்டுவா, வீசுகோலுக்கு ஆகும். மாட்டவில்லை என்றால் ஒருவாரம் நிழலில் கிடத்திவை. கடற்காற்று படும் திண்ணையில் வைக்காதே. தோல்நாணும் ஈரத்தில் தொய்யும்.

செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்ததும் வீட்டுக்கு வா. பதினோரு அடிப் பனங்கை ஒன்று உனக்கென்று பரணில் கிடக்கிறது. அடிப்பக்கம் எது என்று நான் குறித்து வைக்கவில்லை. நீ வளைத்துப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அண்ணன்
மணப்பாடு