நகரத்து மாடியும் கிராமத்து வயலும்

நிலப்பயன்பாட்டை நடத்தும்போது நகரத்தைத் தனியாகவும் கிராமத்தைத் தனியாகவும் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒரே கணக்கு என்பதை மாணவர்கள் உணர, பத்தாம் வகுப்பில் நான் இரண்டு பாடவேளைகளில் செய்யும் செயல்பாடுகள் இவை. வரைபடத்தாளும் வண்ணப் பென்சிலும் போதும்.

செயல்பாடு 1: நகரம்

1,200 சதுர அடியில் 100 வீடுகள் வேண்டும். மொத்தத் தளப்பரப்பு 1,20,000 சதுர அடி. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு. அது 1 என்றால் சுமார் 275 சென்ட் நிலம் தேவை. 2 என்றால் சுமார் 138 சென்ட் போதும். (1 சென்ட் = 435.6 சதுர அடி. சாலை, திறந்தவெளி தனி.) மிச்சம் ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு இக்குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின.

"அப்படியானால் பத்து மாடி கட்டலாமே, சார்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். குடிநீர், கழிவுநீர்க் குழாய், தெருவின் அகலம் ஆகியவை தாங்குமா என்று மாணவர்களே விவாதிக்கட்டும்.

செயல்பாடு 2: கிராமம்

ஏரி, மதகு, ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் பத்துப் பத்தாக 20 நஞ்சை வயல்கள் வரையச் சொல்லுங்கள். ஐந்து வயல்களை மனையாக்க வேண்டும். ஒரு குழு வாய்க்காலின் கடைசியில் சேர்த்து எடுக்கட்டும். மற்றொரு குழு ஆங்காங்கே எடுத்துச் சாலை போடட்டும். மதகிலிருந்து நான்காம் வயலருகே சாலைக்காக வாய்க்கால் தூர்க்கப்பட்டால், கீழேயுள்ள வயல்கள் அனைத்துக்கும் தண்ணீர் நின்றுவிடும். மனையானவை ஐந்துதான், தரிசாவதோ அதற்கும் அதிகம்.

இங்கே சட்டத்தை அறிமுகப்படுத்தலாம். எந்த இடம் எதற்கு என்று வகுக்க 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. ஆயினும் அனுமதியற்ற மனைகள் பெருகியதால், அவற்றைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. சட்டம் எழுதுவதும் நடைமுறைப்படுத்துவதும் வெவ்வேறு என்பதற்கு இதுவே சான்று.

கவனத்திற்கு

வகுப்பில் நிலம் விற்ற வீட்டுப் பிள்ளையும் இருப்பார்; கடன் வாங்கி மனை வாங்கிய வீட்டுப் பிள்ளையும் இருப்பார். யாரையும் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. பேச வேண்டியது விதியைப் பற்றி, வீட்டைப் பற்றியல்ல.

மதிப்பீடு

ஊர் நடுவே மனைகள் காலியாகக் கிடக்க, வயல்வெளியில் புதிய மனைகள் ஏன் விற்கப்படுகின்றன? இரண்டு காரணங்களும், அதை மாற்ற ஒரு விதியும் எழுதுக.