காலை மடக்கி உட்கார ஒரு சோபா

எங்கள் வீட்டு முதல் சோபாவைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்குள் ஜிலுஜிலுவென்று ஏசி. கையை வைத்து அழுத்தினேன், இலவம் பஞ்சுத் தலையணை மாதிரி உள்ளே போனது. "சார், இதுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டீங்க" என்றார் விற்பனையாளர். ஒன்றரை வருடத்தில் அவர் வாக்கு பலித்தது. வலது மூலையில் பெரிய குழி விழுந்து, அதில் உட்கார்ந்த அம்மாவை நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அவ்வளவு மெத்தென்ற சோபாவில் சம்மணம் போட்டு உட்கார மட்டும் இடம் போதாது. முழங்கால் வெளியே துருத்தும். கடைசியில் நான் தரையில் உட்கார்ந்து, சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் டிவி பார்த்தேன்.

இரண்டாவது சோபா வாங்கப் போனபோது ஒரு விஷயம் புரிந்தது. மெத்து என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஃபோம் இறங்கினால் குஷன் வேலை செய்பவரைக் கூப்பிட்டால் போதும், ஒரே நாளில் புதிது வைத்துவிடுவார். சட்டத்தின் ஆழம் அப்படியல்ல. குறைந்தால் குறைந்ததுதான். ஆகவே சாய்ந்து, நீட்டி, புரண்டு கிடக்க ஒரு சோபா தேடுகிறவர்கள் டேப்பை முதலில் எடுக்க வேண்டும். கையால் அழுத்திப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

1. யார் எப்படிக் கிடக்கிறார்கள் என்று கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். சோபாவில் காலைத் தொங்கவிட்டு நேராக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் விருந்தாளிகள். வீட்டு ஆட்கள் சம்மணம் போடுவார்கள், கைப்பிடியில் தலைவைத்துக் காலை நீட்டுவார்கள், மடியில் தட்டை வைத்துக்கொண்டு தோசை சாப்பிடுவார்கள், ஞாயிறு மதியம் ஒருக்களித்துத் தூங்குவார்கள்.

இதில் உங்கள் வீட்டில் எது அதிகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்மணம் என்றால் இருக்கையின் ஆழம் முக்கியம். படுப்பது என்றால் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே உள்ள நீளம் முக்கியம். முழங்கால் வலி உள்ள பெரியவர் இருந்தால் இருக்கையின் உயரத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது.

2. சுவரில் முதுகை வைத்து உடம்பை அளந்துகொள்ளுங்கள்

'சோபா' என்ற சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. 'சுஃப்பா' என்றால் அமர்வதற்கான மேடை. நம் திண்ணைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். திண்ணையில் காலை மடக்கி உட்காருகிறவர்களுக்கு இடம் போதவில்லை என்ற பேச்சே வந்ததில்லை, ஏனென்றால் அதற்கு அகலம் உண்டு. நாற்காலியை நீட்டியதுபோல் செய்த சோபாவில்தான் அந்தச் சிக்கல்.

உடம்பை அளக்கத் தையல் டேப் ஒன்று போதும். நேர்முதுகு நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, முதுகிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 19 அங்குலம். பிறகு தரையில், சுவரில் முதுகை ஒட்டிச் சம்மணம் போட்டு, சுவரிலிருந்து முன்னால் இருக்கும் காலின் வெளி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 26 அங்குலம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் 7 அங்குலம்தான் வரவேற்பறைச் சோபாவுக்கும் சாய்ந்து கிடக்கும் சோபாவுக்கும் உள்ள வித்தியாசம்.

சாதாரண சோபாக்களின் இருக்கை ஆழம் 20 முதல் 22 அங்குலம். 24-க்கு மேல் போனால் ஆழமான சோபா. 28 என்றால் ஏறக்குறைய அரைக்கட்டில். சம்மணம்தான் உங்கள் பழக்கம் என்றால் இரண்டாவது எண்ணுக்கு நெருக்கமாகத் தேர்ந்தெடுங்கள். நேராக உட்கார வேண்டிய நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டு போட்டால் ஆழம் தானாகக் குறைந்துவிடும். ஆழம் குறைந்த சோபாவை ஆழமாக்க எந்தத் திண்டாலும் முடியாது.

ஓர் எச்சரிக்கை. கடையில் எழுதியிருக்கும் ஆழம் பல நேரம் சோபாவின் மொத்த ஆழம். அதில் முதுகுப் பலகை, சாயும் குஷன் எல்லாம் சேர்ந்திருக்கும். தளர்வான முதுகுக் குஷனே 6 முதல் 8 அங்குலத்தை விழுங்கிவிடும். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கூட வந்தவரிடம் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

நீளத்திலும் இதே ஏமாற்றம் உண்டு. 7 அடி சோபா, அதாவது 84 அங்குலம். பக்கத்துக்கு 8 அங்குலக் கைப்பிடி என்றால் உள்ளே மிஞ்சுவது 68. ஐந்தே முக்கால் அடி ஆள் காலை நீட்ட அது பத்தாது. கைப்பிடியை ஒல்லியாக்கலாம், அல்லது தலைவைக்கும்படி தாழ்வாக, பஞ்சு வைத்துச் சரிவாகச் செய்யச் சொல்லலாம். இருக்கையிலிருந்து 6 அங்குல உயரத்தில் இருக்கும் சரிவான கைப்பிடி தலையணை வேலையையும் பார்த்துவிடும்.

உயரத்தைப் பொறுத்தவரை, தரையிலிருந்து 16 அங்குலம் கிடப்பதற்குச் சுகம். பெரியவர்கள் எழுந்திருக்க 18 வேண்டும். உட்கார்ந்ததும் குஷன் அமுங்கி இரண்டு அங்குலமாவது இறங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். எங்கள் வீட்டில் சோபாவைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டு, பக்கத்தில் அம்மாவுக்கென்று கைவைத்த மர நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டோம். சண்டை தீர்ந்தது.

3. தரையில் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள்

ஆழமான சோபாவின் மொத்த ஆழம் 40 அங்குலம்வரை போகும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அது பத்தடி அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். நடக்கும் வழிக்கு இரண்டரை அடியாவது விடவேண்டும்; டீப்பாய்க்கும் சோபாவுக்கும் நடுவே ஒன்றேகால் அடி. பால்கனிக் கதவு திறக்கிறதா, பீரோ கதவு இடிக்கிறதா, மின்விசிறிக் காற்று படுக்கும் இடத்துக்கு வருகிறதா என்பதெல்லாம் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து வாசல். மூன்றடிக் கதவு என்று சொன்னாலும் நிலையும் கதவின் கனமும் போக உள்ளே கிடைப்பது குறைவு. அடுக்குமாடி வீடுகளில் வெளியே கிரில் கேட் வேறு பாதிதான் திறக்கும். சோபாவைச் சாய்த்து உள்ளே கொண்டுவரும்போது அதன் ஆழம், உயரம் இரண்டில் எது சிறியதோ அது அந்த இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். லிஃப்டின் உள் உயரத்தையும், மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். எங்கும் நுழையாது என்று தெரிந்தால் இரண்டு துண்டாகப் பிரித்துச் செய்யச் சொல்லலாம்.

4. ஃபோமைத் தராசில் போடுங்கள்

மெத்து என்பதும் தரம் என்பதும் வேறு வேறு. கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் ஃபோம் கல்லாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அடர்த்தி அதிகமான ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், கெட்டியாகவும் இருக்கலாம், தயாரிப்பைப் பொறுத்தது. அடர்த்தி கூடினால் சீக்கிரம் குழி விழாது, அவ்வளவுதான். முதல் சோபாவில் என்னை ஏமாற்றியது அடர்த்தி குறைந்த மெத்து.

சொன்ன ஃபோமைத்தான் வைத்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? சமையலறைத் தராசு போதும். 24 அங்குல நீளம், 24 அகலம், 6 உயரம் உள்ள ஃபோமை உறையிலிருந்து எடுத்து எடை போடுங்கள். 40 டென்சிட்டி என்றால் சுமார் 2.27 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.8 கிலோ, 28 என்றால் 1.6 கிலோ. நான் குஷன் கடையில் இதைச் செய்தபோது கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அவரே உள்ளே போய் வேறு ஃபோம் கொண்டுவந்தார்.

கிடப்பதற்கான சோபாவுக்கு ஒரே ஃபோம் வேண்டாம், அடுக்காக வையுங்கள். அடியில் 4 அங்குலம், 40 டென்சிட்டி ஹெச்.ஆர். ஃபோம், இது அழுத்தினால் துள்ளி எழும் வகை. மேலே 2 அங்குலம் சூப்பர் சாஃப்ட். அதைச் சுற்றி ஒரு சுற்று பாலியெஸ்டர் பஞ்சு. உட்கார்ந்ததும் மெத்தென்று உள்வாங்கும், கொஞ்சம் இறங்கியதும் அடி ஃபோம் தாங்கிப் பிடிக்கும். முதுகுக் குஷனுக்கு ஃபோமைவிட ஃபைபர் பஞ்சு நல்லது; தட்டித் தட்டி இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளலாம். இலவம் பஞ்சு குளிர்ச்சிதான், ஆனால் அடிக்கடி வெயிலில் காயவைத்து உதற வேண்டும்.

5. கவிழ்த்துப் பாருங்கள்

சோபாவின் ஒரு முன்காலைப் பிடித்து அரையடி தூக்குங்கள். மறுமுனைக் காலும் சேர்ந்து எழுந்தால் சட்டம் உறுதி. நடுவில் வளைந்தால் வேண்டாம். தேக்கு, வேம்பு போன்ற மரம் நன்றாகக் காய்ந்ததா, கரையான் மருந்து அடித்ததா என்று கேளுங்கள். பிளைவுட் என்றால் ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகை கேளுங்கள். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊதிவிடும். மாப் போடும் வீட்டில் அதைக் காலாகவோ அடிப்பலகையாகவோ வைக்கக் கூடாது.

அடியில் உள்ள கறுப்புத் துணியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வளைந்து வளைந்து போகும் கம்பி ஸ்பிரிங் இருக்கலாம், பின்னிய எலாஸ்டிக் பட்டை இருக்கலாம். இரண்டும் நல்லதுதான், நெருக்கமாக இருந்தால். வெறும் பலகைமேல் ஃபோம் என்றால், ஃபோம் இறங்கிய அன்றைக்குப் பலகை உங்களுக்கு அறிமுகமாகிவிடும். ஆழமான சோபாவில் முன்பட்டையிலிருந்து பின்பட்டைவரை தூரம் அதிகம் என்பதால் இந்த இடத்தில் சிக்கனம் கூடாது.

6. துணியை நம் வெயிலுக்குப் பாருங்கள்

கிடக்கும் சோபாவில் கன்னம், கை, கால் எல்லாம் துணியில் படும். மே மாதம் மதியம் ரெக்சினில் பனியனோடு படுத்து எழுந்தால் தோல் உரிகிறது போலச் சத்தம் வரும். தோல்போலத் தெரியும் மலிவுச் செயற்கைத் துணிகள் ஈரப்பதத்தில் சில வருடத்திலேயே செதில் செதிலாக உதிரவும் செய்யும். பருத்தியும் லினன் கலந்த துணியும் வியர்வைக்கு நல்லவை. வெல்வெட் கண்ணுக்கு அழகு, கோடையில் கம்பளி.

நம் வீட்டுச் சோபாவுக்கு மட்டுமே வரும் ஒரு கறை உண்டு. சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் வட்டம். வெளிர் நிறம் வாங்கினால் ஆறே மாதத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று விருந்தாளிக்கும் தெரிந்துவிடும். கலப்பு நிறத்தில், ஜிப் வைத்து கழற்றித் துவைக்கும்படியான உறையாகக் கேளுங்கள். அதே துணியில் இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்கி பீரோவில் வைத்துவிடுங்கள். ஜிப் இருந்தால் நாளைக்கு ஃபோம் மாற்றவும் சுலபம்.

7. கடையில் செருப்பைக் கழற்றுங்கள்

கூச்சம் பார்க்காதீர்கள். வீட்டில் எப்படிக் கிடப்பீர்களோ அப்படியே 15 நிமிடம் கிடந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் எல்லா சோபாவும் சுகம்தான். பத்தாவது நிமிடம் இடுப்புக்கும் சோபாவுக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். பெரிய இடைவெளி இருந்தால் அங்கே தாங்கல் இல்லை. பொத்தென்று உட்கார்ந்து, அடியில் எதுவும் இடிக்கிறதா என்று பாருங்கள். கை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். எழுந்த பிறகு குஷன் தன் பழைய வடிவத்துக்கு வருகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

8. ஆர்டர் கொடுத்தால் எழுதி வாங்குங்கள்

ஆழமான சோபா ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் செய்யச் சொல்வதே மேல். நம் ஊர்களில் சோபா செய்கிறவர்களும் குஷன் வேலைக்காரர்களும் தாராளமாக இருக்கிறார்கள். ஆனால் "நல்லா டீப்பா பண்ணிடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவருக்குப் பழக்கமான 21 அங்குலம்தான் வரும். பில்லிலேயே இவற்றை எழுதச் சொல்லுங்கள்: சாய்ந்தபின் இருக்கை ஆழம், கைப்பிடிகளுக்கு நடுவே நீளம், தரையிலிருந்து உயரம், மரம், ஃபோம் டென்சிட்டி அடுக்குவாரியாக, துணி, கால் உயரம். காலுக்கு 4 அங்குலமாவது விடுங்கள், துடைப்பம் போகட்டும். சட்டம் அடித்து முடித்ததும், துணி போடுவதற்கு முன், ஒரு தடவை நேரில் போய் அளந்துவிடுங்கள். திருத்துவதென்றால் அன்றைக்குத்தான் முடியும்.

9. வந்த பிறகு

மாதம் ஒருமுறை இருக்கைக் குஷன்களை இடம் மாற்றித் திருப்பிப் போடுங்கள். எல்லோரும் டிவிக்கு நேரான மூலையையே பிடிப்பதால்தான் அங்கே மட்டும் குழி விழுகிறது. சாயும் இடத்தில் ஒரு துண்டு போட்டுவையுங்கள். ஈரச் சுவரை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

எங்கள் இரண்டாவது சோபாவின் ஆழம் 26 அங்குலம். மூன்று வருடம் கழித்து மேல் ஃபோமை மட்டும் மாற்றினேன். சட்டம் அப்படியே இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் முதலில் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். காபி வருவதற்குள் ஒரு கால் மேலே ஏறியிருக்கும். டம்ளரை வாங்கும்போது இன்னொரு காலும் ஏறிவிடும்.