மான் வேட்டைக்கு எந்தச் சப்பாத்து?

கேள்வி: ஒன்ராறியோவில் இருக்கும் மச்சான் நவம்பர் மாதம் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். எந்தச் சப்பாத்து, எந்தச் சொக்ஸ் வாங்குவது?
– வாசகர், காங்கேசன்துறை

பதில்: இங்கே வாங்காதீர்கள். மார்கழி வாடைக்கே காதைப் பொத்துகிற ஊர் நம்முடையது; அந்தக் குளிருக்கான சப்பாத்து நம் கடைகளில் ஏன் இருக்கப்போகிறது? அங்கே போய், கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், தடித்த சொக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல்களை ஆட்ட இடம் வேண்டும். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறையும். என்ன விலை கொடுத்தாலும் கால் விறைக்கும்.

பெட்டியில் 400 கிராம், 800 கிராம் என்றிருக்கும். அது சப்பாத்தின் நிறையல்ல. உள்ளே வைத்த குளிர்காப்புப் படை ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு என்ற கணக்கு. நடந்து திரிபவருக்கு 400 போதும். மரத்தடியில் மணிக்கணக்காக அசையாமல் காத்திருப்பதென்றால் 800க்குக் குறைய வேண்டாம்.

சொக்ஸ் கம்பளிதான், மெரினோ என்றால் இன்னும் நல்லது. பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காலைக் குளிரவைக்கும். மூன்று சோடியை அடுக்கிப் போடும் புத்தியும் (நம்மவர்கள் முதலில் செய்வது இதைத்தான்) வேண்டாம். மேலதிகச் சோடியைப் பையில் வையுங்கள். காத்திருக்கும் இடத்துக்குப் போனதும் மாற்றுங்கள். நடந்து வந்ததில் முதல் சோடி ஈரமாகியிருக்கும்.