எருமையின் பித்தநாளம்: கருவிலும் கன்றிலும்

கறவை எருமை மெலிந்து, பால் குறைந்து, தாடையின்கீழ் வீக்கங் கண்டு நிற்குமாயின், கடன் பெற்று அதனை வாங்கிய குடியானவருக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. இக்கேடு பல சமயங்களில் குடிகொள்ளும் இடம் ஈரலின் பித்தநாளமாகும். ஆதலின், அந்நாளம் உண்டாகி வளரும் விதத்தை ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாள். அதன் தொடக்க வாரங்களிலேயே கருவின் குடலினின்று சிறு மொட்டொன்று கிளைக்கின்றது. மொட்டின் முற்பகுதி ஈரலாகின்றது. பிற்பகுதி பித்தப்பையும் அதன் காம்புக் குழாயுமாகின்றது. குடலோடு மொட்டைச் சேர்க்கும் தண்டே பிரதான பித்தநாளமாக நீளுகின்றது. ஈரலினுள் இரத்தக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தகடுபோல் அமையும் உயிரணுக்கள், பின்னர்ச் சிறு குழாய்களாகின்றன. ஓடைகள் கூடி ஆறாவதுபோல் இவை கூடிப் பித்தத்தைச் சிறுகுடலிற் சேர்க்கின்றன.

பிறக்குமுன்பே பித்தம் சுரக்கத் தொடங்குகின்றது. கன்று இடும் முதற் சாணம் கரும்பச்சையாயிருத்தற்கு அதுவே காரணம். பிறந்தபின், கொழுப்பு மிகுந்த எருமைப் பாலைச் செரிப்பதற்குப் பித்தம் துணைபுரிகின்றது. கன்று புல் மேய்ந்து பெருவயிறு பருக்கப் பருக்க, ஈரல் வலப்புறம் ஒதுங்குகின்றது. நாளங்களும் நீண்டு அகலுகின்றன.

இந்நாளங்களிலேயே தட்டைப்புழு வாசஞ் செய்கின்றது. இலை வடிவினதாய், 3 அங்குலம் வரை நீளுவது. இதன் முட்டை சாணத்தோடு நீரிற் சேர்ந்து, குஞ்சு நத்தையினுள் வளர்ந்து, பின் வெளிவந்து நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அப்புல்லைத் தின்ற எருமையின் குடலைத் துளைத்து ஈரலை அடையும். ஈரலைக் குடைந்து, சில வாரங்களுக்குப்பின் நாளத்திற் புகும். நாளத்தின் சுவர் தடித்துப் பித்தவோட்டம் தடைப்படும், இரத்தமும் குன்றும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. குளக்கரையிலும் சேற்று நிலத்திலும் மேய்த்தலைத் தவிர்த்து, நீரோரப் புல்லை நன்றாக வெயிலில் உலர்த்திய பின்னரே இடுக. சாணத்தை நீர்நிலையிற் சேரவிடாது குழியில் மக்கவைத்து எருவாக்குக. அவ்வெப்பம் முட்டைகளை அழிக்கும். கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி புழு மருந்து கொடுப்பிக்க.

ஒருவர் மாத்திரம் மருந்து கொடுத்துப் பயனில்லை. குளம் பொதுவாயிருப்பதால், அயலாரின் எருமையிடுஞ் சாணத்தால் நோய் திரும்பவும் வரும். சங்கத்தார் ஒருமித்து, ஒரே காலத்தில் எல்லா எருமைகளுக்கும் மருந்து கொடுப்பித்தலே உசிதம்.