ரேடியோ சர்வருக்கு எந்த ஓஎஸ்?



லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "எங்க சங்கத்துக்கு இணைய வானொலி ஆரம்பிக்கிறோம். ஐஸ்காஸ்ட் போட எந்த ஓஎஸ் நல்லது?" எபிசோட்ல சுருக்கமாத்தான் சொல்ல முடிஞ்சது. இதோ முழு பதில்.

முதல்ல, ஐஸ்காஸ்ட் செய்யும் வேலை என்ன? வர்ற ஒலியைக் கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரதி அனுப்புது, அவ்வளவுதான். அதனால பிராசஸருக்குப் பெரிய சுமை இல்லை. பழைய லேப்டாப்போ ராஸ்பெரி பையோ போதும். சுமை முழுக்க அப்லோட் மேல. 128 கேபிபிஎஸ்ல 100 பேர் கேட்டா 12.8 எம்பிபிஎஸ் வேணும். வீட்டு இணைப்பு அதைத் தாங்கலைன்னா எந்த ஓஎஸ்ஸும் காப்பாத்தாது. வாடகைக்கு சர்வர் எடுங்க.

இப்ப ஓஎஸ். "எது வேகம்?"னு கேக்காதீங்க. "எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்? ராத்திரி நின்னா யார் சரி பண்ணுவாங்க?"னு கேளுங்க.

விண்டோஸ்: ஐஸ்காஸ்ட் ஓடும். ஆனா அப்டேட்டுக்காக நிகழ்ச்சி நடுவுல ரீஸ்டார்ட் ஆகிடக்கூடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சாச்சு.

சென்ட்ஓஎஸ்: ஒரு பாடம். 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவுன்னு சொல்லியிருந்தாங்க. 2021 கடைசியிலேயே நிறுத்திட்டாங்க. நம்பிப் போட்டவங்க எல்லாரும் இடம் மாற வேண்டியதாச்சு.

உபுண்டு எல்டிஎஸ்: லண்டனில் தலைமையகம் உள்ள கேனானிக்கல் வெளியிடுவது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொண்ணுக்கும் 5 வருஷ ஆதரவு.

டெபியன்: தன்னார்வலர்கள் நடத்துவது. 3 வருஷ முழு ஆதரவு, அதுக்கு மேல 2 வருஷ நீட்டிப்பு. ரெண்டிலயும் ஐஸ்காஸ்ட் பேக்கேஜ் தயாரா இருக்கு.

என் தேர்வு, டெஸ்க்டாப் இல்லாத டெபியன். ஆனா உங்க சங்கத்துல உபுண்டு தெரிஞ்சவர் இருந்தா உபுண்டுதான் சரி. தெரிஞ்ச ஒரே ஆள் ஊருக்குப் போயிட்டா வானொலியும் போயிடக்கூடாது. அதனால ரெண்டு பேர் கத்துக்கோங்க.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். எல்லாம் தயாரானதும் சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. கீபோர்டைத் தொடாதீங்க. அஞ்சு நிமிஷத்துல உங்க போன்ல பாட்டு தானா கேட்டா, அறிவிப்புக்குத் தேதி குறிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!