உப்பு மட்டும் காக்காது: சோடியம் பென்ஸோவேட் பற்றி ஒரு பாடம்

சென்ற கோடையில் எமது ஒன்றியத்தைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழு ஒன்று நன்னாரி சர்பத் தயாரித்து விற்பனைக்கு அனுப்பியது. விலை மலிவாக இருத்தல் வேண்டும் என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தனர். கெடாதிருக்கும் பொருட்டுச் சோடியம் பென்ஸோவேட் சேர்த்தனர். பத்தாம் நாள் புட்டிகளில் நுரை கட்டிற்று. சில மூடிகள் தெறித்தன. மறுமுறை மருந்தை இருமடங்காக்கினர். அதுவும் பொங்கிக் கெட்டது. கடன் வாங்கிச் செய்த சரக்கு மண்ணிற் கொட்டப்பட்டது. தவணை மட்டும் எஞ்சியது.

"மருந்து போலியோ?" என்று குழுத் தலைவி வினவினார். மருந்து போலியன்று. அதன் இயல்பை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை; அலுவலகத்தில் இருந்த நாங்களும் எடுத்துரைக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் யாது?

நாம் புகையிடும் சாம்பிராணிக்கும் இம்மருந்திற்கும் உறவு உண்டு. சுமத்ராத் தீவில் வளரும் ஒருவகைச் சாம்பிராணி மரத்தின் பிசினைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரச் செய்தால் வெண்ணிறப் படிகங்கள் கிட்டும். ஐரோப்பியர் 16ஆம் நூற்றாண்டிலேயே இதனை அறிந்திருந்தனர். இதுவே பென்ஸாயிக் அமிலம். இந்நாளில் டொலுயீன் என்னும் எண்ணெயிலிருந்து ஆலைகளில் தயாராகிறது.

இவ்வமிலம் நீரில் எளிதிற் கரையாது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 3 கிராமே கரையும். ஆகவே அதனைச் சோடியம் ஹைட்ராக்ஸைடுடன் சேர்த்து உப்பாக்குகின்றனர். அவ்வுப்பே சோடியம் பென்ஸோவேட். இது லிட்டருக்கு 500 கிராமுக்கு மேலும் கரையவல்லது.

காப்பது எது?

உணவைக் காப்பது உப்பன்று, அமிலமே. உப்பு அமிலத்தைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. முழு அமிலமாக உள்ள மூலக்கூறுதான் ஈஸ்ட், பூஞ்சணம் ஆகியவற்றின் உயிரணுச் சவ்வை ஊடுருவும். உள்ளே சென்று பிரிந்து, அணுவின் உட்பகுதியைப் புளிக்கச் செய்து, வளர்ச்சியைத் தடுக்கும். உப்பாகப் பிரிந்து நிற்பது சவ்வை எளிதிற் கடவாது.

உப்பு அமிலமாக மாறுவதற்குப் பண்டத்தில் புளிப்பு இருத்தல் வேண்டும். புளிப்பைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். சேர்த்த மருந்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு வேலை செய்யும் என்பதைக் கீழே காண்க:

பி.எச். 3.2 எனில் 91 பங்கு
பி.எச். 4.2 எனில் 50 பங்கு
பி.எச். 5.2 எனில் 9 பங்கு
பி.எச். 6 எனில் 2 பங்கிற்கும் குறைவு

அக்குழுவின் சர்பத்தைத் தாளிட்டுப் பார்த்தபோது 6 காட்டிற்று. இருமடங்கு மருந்தும் ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்கும்.

கண்ணாற் காணும் சோதனை

அரை டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சோடியம் பென்ஸோவேட்டைக் கரையுங்கள். நீர் தெளிவாக இருக்கும். அதில் எலுமிச்சம் பழம் ஒன்றைப் பிழியுங்கள். வெண்பொடி திரளும். அதுவே உப்பிலிருந்து வெளிப்பட்ட அமிலம். குழுக் கூட்டங்களில் இதனைச் செய்து காட்டலாம், அந்நீரைப் பருகலாகாது.

சேர்க்கும் முறை

முதலில் பண்டத்தின் புளிப்பைச் சிட்ரிக் அமிலத்தால் பி.எச். 3.5 அளவிற்குக் கொணர்க. மருந்தைத் தராசில் நிறுத்து, காய்ச்சி ஆறிய சிறிது நீரில் தனியே கரைத்து, கிளறிக்கொண்டே மெல்லச் சேர்க்கவும். இரண்டையும் ஒரே சிறு பாத்திரத்தில் கலந்தால் வெண்பொடி படிந்துவிடும். கைமதிப்பாக அள்ளிப் போடுதல் தவறு.

அரசு விதிகள் ஒவ்வொரு பண்டத்திற்கும் உச்ச அளவைப் பென்ஸாயிக் அமிலக் கணக்கிலேயே கூறுகின்றன. 1 கிராம் உப்பு 0.85 கிராம் அமிலத்திற்குச் சமம் என்று கணக்கிடுக. ஐ.என்.எஸ். 211 என்னும் எண்ணை உறையில் அச்சிடுதல் வேண்டும்.

எச்சரிக்கை

அளவோடு உண்டால் உடல் இதனைக் கிளைஸினுடன் இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் கூட்டு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என 2021இல் வரையறுத்தது. எனினும் வைட்டமின் சி மிகுந்த பானத்தில் இம்மருந்து இருந்து, வெப்பமும் ஒளியும் பட்டால், பென்ஸீன் என்னும் தீய பொருள் சிறிதளவு உண்டாகலாம். அமெரிக்காவில் 1990இல் சில பானங்களில் இது கண்டறியப்பட்டது. புட்டிகளை வெயிலில் அடுக்காதீர்.

இம்மருந்து கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்குமேயன்றி, அழுக்குப் புட்டியைத் தூய்மையாக்காது. கொதிநீரிற் கழுவுதலை விட்டுவிடலாகாது.

அக்குழுவினர் பின்னர் புளிப்பைச் சரிசெய்து, மருந்தைப் பழைய அளவிற்கே குறைத்தனர். அடுத்த சரக்கு இரண்டு மாதம் கடந்தும் தெளிவாகவே நின்றது, தவணையும் கட்டப்பட்டது. பொருளை வழங்கும்போதே அதன் அறிவையும் வழங்குதல் நம் கடமை என்பதை ஊர்நலப் பணியாளர் அனைவரும் நினைவிற் கொள்வோமாக.