பொதுப் பயன்

புதுவை நகரின் பாரதி பூங்காவில் வெண்ணிற மண்டபம் ஒன்று பொலிவுடன் விளங்குகின்றது. அதன் பெயர் ஆயி மண்டபம். அரசன் ஆணைக்குப் பணிந்து ஆயி என்பவள் தன் மாளிகையை இடித்துவிட்டு, அவ்விடத்தில் ஊரார்க்குக் குளம் வெட்டுவித்தாள் என்பது செவிவழிக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்து நன்னீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்ததே இம்மண்டபம்.

ஆயிக்கு ஈடு கிடைத்ததாகக் கதை கூறவில்லை. சட்டம் அவ்வாறு வாளாவிருத்தல் ஆகாது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம், பொதுப் பயன் கருதியன்றி ஒருவர் உடைமையைக் கொள்ளலாகாது என்றும், கொள்வதற்கு முன்னரே தக்க ஈட்டுத்தொகை அளித்தல் வேண்டும் என்றும் விதித்தது.

ஆயின், பொதுப் பயன் என்பது யாது? 2014 முதல் நடைமுறையிலுள்ள இந்திய நில எடுப்புச் சட்டம் அதற்கு எல்லை வகுத்துள்ளது. நீர்ச் சேமிப்பு, துப்புரவு முதலிய பணிகள் அதனுள் அடங்கும். உள்கட்டமைப்புத் திட்டங்களும் அடங்கும். எனினும் தனியார் மருத்துவமனை, தனியார் கல்வி நிலையம், தனியார் தங்கும் விடுதி ஆகியவை அவற்றினின்று விலக்கப்பட்டுள்ளன. தனியார் நிறுவனத்திற்காக நிலம் எடுப்பின், பாதிக்கப்படும் குடும்பங்களுள் நூற்றுக்கு 80 பங்கினரேனும் இசைதல் வேண்டும்.

சொல்லுக்கு வரையறை இல்லையேல், எளியவர் நிலத்திற்கு வேலி இல்லை.